மூன்றாம் நிமிடத்துக்குப் பிறகும் படம் ஓடுகிறது: ஒரு குறும்படத் தேர்வுக் குழுவுக்குத் திறந்த மடல்

குறும்பட விழாவின் தேர்வுக் குழுவினருக்கு,

எங்கள் அனிமேஷன் குறும்படத்துக்கு நீங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதம் இரண்டே வரி. "கதையும் பாத்திரப் படைப்பும் பாராட்டத்தக்கவை. ஆயினும் அனிமேஷனின் தொழில்நுட்பத் தரம் பொதுத் திரையிடலுக்கு ஏற்றதாக இல்லை." அதன் கீழே இந்த ஆண்டு முதல் நடைமுறைக்கு வரும் இரண்டு விதிகள். அனிமேஷன் படங்கள் தொழில்நுட்பச் சோதனை ஒன்றைத் தாண்டினால்தான் நடுவர்களின் பார்வைக்கே போகும். தாண்டினாலும் திரைக்கதை, வசனம், நடிப்பு ஆகிய பிரிவுகளில் அவை பரிசுக்கு எடுத்துக்கொள்ளப்படமாட்டா.

படத்தை இயக்கியவர் நான் அல்ல. அதில் வரும் மூத்த அக்காவுக்குக் குரல் கொடுத்தவள். இயக்குநர் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த படத்தையும் உங்களிடம்தானே அனுப்பியாக வேண்டும் என்ற தயக்கம் அவருக்கு இருக்கிறது. டப்பிங் கலைஞராக ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்ட எனக்கு அது இல்லை.

படத்தை உங்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும் என்பதால், கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னாளப்பட்டியில் ஒரு நெசவாளர் வீடு. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரிப்பதற்குள் வீட்டைப் பாகம் பிரிக்கும் பேச்சு எழுகிறது. கல்யாணம் செய்துகொள்ளாமல், படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்ட அக்கா, திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் தம்பி, தம்பியின் மனைவி, நியாயம் சொல்ல வந்த பெரியப்பா. தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்ற சட்டம் 1989இலேயே வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு அது தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா கேட்கவில்லை. யாராவது ஒருவர் தானாகச் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். வீட்டை விற்றே ஆக வேண்டும் என்று நிற்கும் தம்பி மனைவியைப் பாதிப் படம் வரை நாம் வெறுக்கிறோம். பிறகு அவள் அடகுச் சீட்டுகளைக் கொண்டுவந்து திண்ணையில் பரப்புகிறாள். மாமனாரின் வைத்தியச் செலவுக்கு இத்தனை நாளும் போய்க்கொண்டிருந்தது அவள் நகை. அதன் பிறகு யார் பக்கம் நிற்பது என்று தெரியாது. எழுதிய இயக்குநருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். படத்தின் பலமே அதில் இருக்கிறது.

இனி, குறைகள். நீங்கள் சொல்வதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்தவை. நடக்கும்போது பாதம் தரையில் பதியாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. புடவை உடம்போடு ஒட்டிய ஒரே பிண்டமாக இருக்கிறது, முந்தானை தனியாக அசைவதே இல்லை. பேசும் வாய்க்கு மொத்தம் ஐந்தாறு வடிவங்கள்தான். காபி டம்ளரைப் பிடிக்கும் விரல்கள் இரண்டு இடங்களில் டம்ளருக்குள்ளேயே போய்விடுகின்றன. பந்தியில் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள் அசையாத படங்கள். வண்டியிலிருந்து தம்பி இறங்கும் காட்சியைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும். இவற்றில் எதையும் "கலை உத்தி" என்று பூசி மெழுகப் போவதில்லை. கை வசப்படாத இடங்கள் அவை.

என் வாதம் வேறு. இந்தக் குறைகள் எல்லாம் முதல் சில நிமிடங்களிலேயே கண்ணில் படுபவை. அதன் பிறகு நடப்பதைப் பார்ப்பதற்குத்தான் தேர்வுக் குழு என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

நீங்கள் பார்க்கவில்லை. கடவுச்சொல் இட்டு உங்களுக்கென்றே தனியாகத் தந்த இணைப்பு அது. வேறு யாரிடமும் அது இல்லை. 26 நிமிடப் படம் அதில் ஒரே ஒரு முறை ஓட்டப்பட்டு, மூன்று நிமிடத்தைத் தாண்டிய சிறிது நேரத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அந்தத் தளத்தின் பார்வைப் பதிவு சொல்கிறது. மூன்று நிமிடத்தில் தம்பி மனைவி இன்னும் வீட்டுக்குள் நுழையவே இல்லை. பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. அப்படியிருக்க, "பாத்திரப் படைப்பு பாராட்டத்தக்கது" என்ற வரியை எதைப் பார்த்து எழுதினீர்கள்? மறுப்பைவிட அந்தப் பாராட்டுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

உங்கள் விழாவின் முன்தேர்வுக் குழுவில் ஓராண்டு நானும் இருந்தவள். அந்த ஆண்டு கைபேசியில் எடுத்த படம் ஒன்று வந்தது. வசனத்தின் நடுவே குக்கர் விசில் அடிக்கும், லாரி ஹாரன் அடிக்கும். முக்கியமான காட்சியில் நாயகியின் முகம் மங்கலாகிவிட்டு, பின்னால் இருந்த காலண்டர் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படத்தை நாம் முழுதாகப் பார்த்தோம். வாதாடினோம். தேர்ந்தெடுத்தோம். திரைக்கதைக்கான பரிசும் அதற்கே போனது. சரியான முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். அன்று ஒருவரும் அந்தப் படத்துக்குத் தொழில்நுட்பச் சோதனை வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. "வசதி இல்லாத பிள்ளைகள், ஆனால் சொல்ல விஷயம் இருக்கிறது" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

அந்தப் பெருந்தன்மை அனிமேஷனுக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். கேமராவைக் கொண்டுபோய் ஒரு வீட்டில் வைத்தால் போதும்; காரை பெயர்ந்த சுவரும், கொடியில் காயும் துண்டும், மூலையில் கிடக்கும் துடைப்பமும் தாமாகவே படத்துக்குள் வந்துவிடுகின்றன. எடுத்தவரின் ஏழ்மையும் கதையின் ஏழ்மையும் ஒன்றாகக் கலந்து, "யதார்த்தம்" என்று பெயர் வாங்கிக்கொள்கின்றன. அனிமேஷனில் எதுவும் தானாக வராது. அந்தத் துண்டைக்கூட ஒருவர் உட்கார்ந்து செய்து, கொடியில் மாட்டி, அதன்மேல் எங்கிருந்து வெளிச்சம் விழ வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டும். இத்தனையும் செய்தும் கால் வழுக்கினால், அது செய்தவரின் திறமைக்குறைவாக மட்டுமே கண்ணுக்குப் படுகிறது. கைபேசிப் படத்தின் மங்கலை மன்னித்த நாம், இவரின் வழுக்கலை மன்னிக்க மறுக்கிறோம். உழைப்பு அதிகமான இடத்தில்தான் தண்டனையும் அதிகம் என்பது விநோதமான நியாயம்.

உழைப்பு என்றால் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சினிமா ஒரு விநாடிக்கு 24 பிரேம். கையால் செய்யும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி, விநாடிக்கு 12 படங்கள் செய்வார்கள். எங்கள் இயக்குநர் மூன்று பிரேமுக்கு ஒன்றாக, விநாடிக்கு எட்டு அசைவுநிலைகளே செய்தார். அப்படிக் குறைத்தும் 26 நிமிடத்துக்கு 12,480 வருகிறது. நடுவே யாரும் அசையாமல் நிற்கும் இடங்களைக் கழித்தாலும் ஆயிரங்களில்தான் நிற்கும். செய்தது ஒரே ஆள், இரண்டாம் கையாக வாங்கிய ஒரு கணினியில், இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில்.

அந்த ஒரே ஆள் பிழைப்புக்கு என்ன செய்கிறார் தெரியுமா? சென்னையில் ஒரு விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தில் இரவுப் பணி. அயல்நாட்டுப் படங்களில் நடிகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க, உடம்பின் ஓரத்தைப் பிரேம் பிரேமாகக் கோடிட்டு வெட்டும் வேலை, ரோட்டோ என்பார்கள். காற்றில் பறக்கும் தலைமுடியின் ஓரத்தைத் தலைமுடிக் கனத்தில் வெட்டிக் கொடுப்பவர். அந்தக் கை செய்த வேலையை நீங்களும் நானும் ஏதாவது ஒரு பெரிய திரையில் வாய் பிளந்து பார்த்திருப்போம். தரம் என்றால் என்ன என்று அவருக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் சேர்ந்து செய்யும் தரத்தை ஒருவர் தனியாகக் கொடுக்க முடியாது, அவ்வளவே.

பணமிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2014இல் வந்த கோச்சடையான், நடிகர்களின் உடலசைவை நேரடியாகப் பதிவுசெய்யும் தொழில்நுட்பத்தில் உருவான படம். அதன் முகங்களைப் பற்றி எவ்வளவு பேச்சு எழுந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மனித முகத்தை அசைப்பது அத்தனை கடினம்.

கடினம் என்று தெரிந்தவர்தான் எங்கள் இயக்குநர். குரல் பதிவு நடந்தது அவர் தங்கியிருந்த அறையில். மெத்தையைச் சுவரில் சாய்த்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மே மாதத்தில் உட்கார்ந்தோம். டப்பிங்கில் வாய் ஏற்கெனவே அசைந்து முடிந்திருக்கும். அதற்குள் என் குரலைத் திணிக்க வேண்டும். இங்கே முதலில் குரல், பிறகுதான் வாய். பாகம் பிரிக்கும் காட்சியில் நான் குரல் உடைந்து அழுதேன். அந்த அழுகையை வைத்துத்தான் இத்தனை வருடம் சம்பாதித்திருக்கிறேன். இயக்குநர் பதிவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அழாதீர்கள் அம்மா. இவள் முகத்தில் அழுகையைக் கொண்டுவர எனக்கு வராது. குரல் அழுது முகம் சும்மா இருந்தால் பொய்யாகிவிடும்." வசனத்தை மாற்றினார். அக்கா அழவில்லை. வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது யாருடைய சீர், இது எந்த வருடம் வாங்கியது என்று சொல்லிக்கொண்டே இரண்டு பக்கமாகப் பிரித்து வைக்கிறாள். தனக்கென்று மூன்றாவது பக்கம் வைக்கவில்லை. நான் பேசிய வசனங்களில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பாத்திரம் அப்படி உருவானது அனிமேஷன் கைகொடுக்காததால்தான். நீங்கள் குறை என்று ஒதுக்கியதிலிருந்து பிறந்ததையே குணம் என்று பாராட்டியும் இருக்கிறீர்கள்!

தறியும் அப்படித்தான். மிதியும் நாடாவும் பாவும் ஓடும் ஒரு குழித்தறியை அசைத்துக் காட்ட அவரால் முடியவில்லை. அதனால் தறி பக்கத்து வீட்டில் இருக்கிறது. சத்தம் மட்டும் சுவர் வழியாக வருகிறது. இவர்கள் வீட்டுத் தறி நின்றுபோய்விட்டது என்பதை யாரும் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

படத்தைச் சின்னாளப்பட்டியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் திரையிட்டோம். தம்பி வண்டியிலிருந்து இறங்கியதும் சிரித்தார்கள், மறைக்கவில்லை. அடகுச் சீட்டுக் காட்சியில் ஒரு பெண்மணி திரையைப் பார்த்து, "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா" என்று தம்பி மனைவியைக் கடிந்துகொண்டார். படம் முடிந்ததும் அந்தத் தம்பி மனைவிக்காக ஒரு கட்சி, அக்காவுக்காக ஒரு கட்சி என்று சண்டை. வழுக்கும் காலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு பெரியவர் மட்டும் தொழில்நுட்பக் குறை ஒன்றைச் சொன்னார்: "அது விசைத்தறிச் சத்தம். கைத்தறி இப்படிப் பேசாது." இயக்குநர் மறுநாளே ஒரு நெசவாளர் வீட்டில் உட்கார்ந்து சத்தத்தை மறுபடி பதிவுசெய்துகொண்டு வந்தார். உங்களுக்கு அனுப்பிய பிரதியில் இருப்பது அந்தச் சத்தம். விமர்சனத்தை ஏற்கத் தெரியாதவர்கள் அல்ல நாங்கள். அந்தப் பெரியவர் முழுப் படத்தையும் பார்த்துவிட்டுச் சொன்னார் என்பதுதான் வித்தியாசம்.

கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. நாஞ்சில் நாட்டுத் தோற்பாவைக்கூத்தில் ஆட்டுத்தோலில் செய்த பாவை எத்தனை இடத்தில் மடங்கும்? விளக்கு வெளிச்சத்தில், திரைக்குப் பின்னால் ஒரே ஆள் இராமனுக்கும் பேசுவார், சீதைக்கும் பேசுவார், உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகளுக்கும் பேசுவார். பாவையின் கால் தரையில் பதியவில்லை என்று யாரும் எழுந்து போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. வெளிநாட்டு உதாரணம் கேட்டால், ஒசாமு தெசுகா 1963இல் ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு அஸ்ட்ரோ பாயை வாரத் தொடராகத் தொடங்கியபோது, அசைவைக் குறைத்து, வாயை மட்டும் அசைத்து, ஒருமுறை வரைந்த படங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தித்தான் காலக்கெடுவைச் சமாளித்தார். அந்தச் சிக்கனத்தின் மேல்தான் ஒரு பெரிய தொழிலே எழுந்தது.

2025இல் அனிமேஷனுக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் ஃப்ளோ முழுக்க முழுக்க பிளெண்டரில் உருவானது. அதை எங்கள் படத்தோடு ஒப்பிட நான் பைத்தியம் இல்லை. ஆனால் அதன் இயக்குநர் தன் முந்தைய முழுநீளப் படத்தைத் தனியொருவராகவே செய்தவர் என்பதை உங்கள் சோதனைக் குழுவின் காதில் போட்டுவைக்கிறேன். அந்தத் தனியாள் படத்தை எங்கோ சிலர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்கள்.

அனிமேஷனுக்குத் திரைக்கதைப் பரிசு கிடையாது, நடிப்புப் பரிசு கிடையாது என்ற இரண்டாவது விதி எந்தச் சிந்தனையில் எழுதப்பட்டதோ எனக்கு விளங்கவில்லை. டென்மார்க்கின் ஃப்ளீ, 2022 ஆஸ்கரில் அனிமேஷன், ஆவணப்படம், சர்வதேசப் படம் ஆகிய மூன்று பிரிவுகளிலும் பரிந்துரை பெற்றது. வரைந்தது என்பதற்காக அதை ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை. வசனத்தை எழுதுபவர் ஒரு மனிதர். அதைப் பேசுபவர் ஒரு மனிதர். நான் திருச்சி வானொலி நாடகங்களில் பேசத் தொடங்கியவள். அங்கே முகமே கிடையாது. நடிப்பு இல்லை என்று அன்று யாரும் சொன்னதில்லை.

உங்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். டிக்கெட் வாங்கி வருபவர் பெரிய திரையில் இந்த வழுக்கலைப் பார்த்து முகம் சுளிப்பார். கணினித் திரையில் சிறியதாகத் தெரியும் பிழை அங்கே ஆளுயரத்துக்குத் தெரியும். சரி. அப்படியானால் மாலை நேரத் திரையிடலில் போடாதீர்கள், காலைக் காட்சியில் போடுங்கள். சின்னத் திரை உள்ள அரங்கில் போடுங்கள். முழுதாகப் பார்த்துவிட்டு, "பார்த்தோம், பிடிக்கவில்லை" என்று சொன்னாலும் தலைவணங்கி ஏற்றுக்கொள்வோம். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்ப ஒரு விதியை எழுதிவைப்பதைத்தான் ஏற்க முடியாது. 2022ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன் துறைக்கென்று பணிக்குழு அறிவிக்கப்பட்டதிலிருந்து மேடைக்கு மேடை வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச்சாக இருக்கிறது. பிறர் படத்துக்கு ஓரம் வெட்டும் வேலைக்கு நம் பிள்ளைகள் வேண்டும், அவர்கள் தம் சொந்தக் கதையைச் சொல்ல வந்தால் தரம் போதாது என்றால் எப்படி?

நான் கேட்பவை இவை. தொழில்நுட்பச் சோதனை என்ற முதல் விதியை இந்த ஆண்டே நீக்குங்கள். கைபேசிப் படங்களுக்கு இல்லாத வடிகட்டி அனிமேஷனுக்கும் வேண்டாம். திரைக்கதை, வசனம் ஆகிய பிரிவுகளை அனிமேஷனுக்குத் திறந்துவிடுங்கள். நடிப்புப் பிரிவில் குரல் நடிப்பைச் சேர்ப்பதா, அதற்குத் தனிப் பரிசு வைப்பதா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்; ஆனால் இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். இந்தச் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்ட படங்கள் எங்களுடையது மட்டுமாக இருக்காது. அத்தனையையும் அனிமேஷன் தெரிந்த ஒருவரும் நாடகம் தெரிந்த ஒருவரும் சேர்ந்து முதலிலிருந்து கடைசிவரை பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு விழாவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தேர்வுப் பட்டியல் வெளியாக இன்னும் நாள் இருக்கிறது. இனி அனுப்பும் மறுப்புக் கடிதங்களில் படம் முழுதாகப் பார்க்கப்பட்டதா என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். பார்க்காத படத்தைப் பாராட்ட வேண்டாம்.

எங்கள் படத்தின் இணைப்பும் கடவுச்சொல்லும் மாறவில்லை. பதிலை எனக்கு எழுத வேண்டியதில்லை, இயக்குநருக்கே எழுதுங்கள். முகவரி விண்ணப்பத்தில் இருக்கிறது. தொலைபேசியில் பேசுவதானால் பிற்பகலில் அழையுங்கள். காலையில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
அக்காவுக்குக் குரல் கொடுத்தவள்